அடகுச் சீட்டைக் கிழிப்பதற்கு முன்

எல்லாவற்றையும் தொடங்கி வைப்பது பிழைச் செய்தியின் கடைசி வாக்கியம்தான். அப்பாச்சி ஃபிளிங்க் கிளஸ்டரில் ஜாப்மேனேஜர் பாட் விழுவதும் எழுவதுமாகத் தவிக்கும்போது லாக்கைத் திறந்தால், நீளமான ஜாவா பிழை ஒன்று வரிவரியாக இறங்கும். சேமித்து வைத்த ஜாப்கிராஃபை, அதாவது வேலையின் வரைபடத்தை, அதன் ஸ்டேட் ஹேண்டில் என்ற சுட்டியிலிருந்து எடுக்க முடியவில்லை, அந்த ஹேண்டில் உடைந்திருக்கிறது என்று அது சொல்லும். ஜாப்கிராஃப் என்ற இடத்தில் சில நேரம் செக்பாயிண்ட் என்று இருக்கும். இரண்டுமே ஒரே மாதிரி முடியும்: ஸ்டேட் ஹேண்டில் ஸ்டோரைச் சுத்தம் செய்து பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு அந்த வரி மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு மாதிரி. மென்பொருளே சொல்கிறது, நாம் செய்கிறோம். குபர்நெட்டிஸில் அதைச் செய்ய ஒரே ஒரு கட்டளை போதும். கிளஸ்டரின் பெயரையும் ஹை அவைலபிலிட்டி என்ற லேபிளையும் கொடுத்து, அவை ஒட்டியிருக்கும் கான்ஃபிக்மேப்களை நீக்கினால் முடிந்தது. பாட் எழுந்துவிடும். வேலை ஓடுவதாகப் பச்சை நிறத்தில் திரை காட்டும்.

இப்படி நீக்கி எழுப்புவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. நானும் பலமுறை செய்திருக்கிறேன், இனியும் செய்வேன். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறும் அந்தக் கட்டளைதான். ஆகவே அதை நிறுத்துப் பார்க்கும் கடமை எனக்கு உண்டு.

எதை நீக்குகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஃபிளிங்க், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நடந்த ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து, 2014இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குள் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் தரவை நிறுத்தாமல் கணக்கிடுவது அதன் வேலை. இந்த அட்டையில் கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பரிவர்த்தனை, இந்த வண்டி கடைசியாக எங்கே நின்றது போன்ற விடைகளை நினைவில் வைத்துக்கொண்டே அது ஓடுகிறது. அந்த நினைவுதான் ஸ்டேட். இயந்திரம் செத்தாலும் நினைவு சாகக்கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட இடைவெளியில் முழு வேலையின் நினைவையும் முரண் இல்லாமல் படமெடுத்து வெளியே எஸ்3 போன்ற சேமிப்பில் வைக்கிறது. அதற்கு செக்பாயிண்ட் என்று பெயர். ஓடும் அமைப்பை நிறுத்தாமலே படமெடுக்கலாம் என்று வழிகாட்டியது 1985இல் மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. சாண்டி சென்னை ஐஐடியில் படித்தவர். ஃபிளிங்க் அந்த முறையைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது.

படம் எடுத்தாயிற்று. கடைசிப் படம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஜாப்மேனேஜருக்குத் தெரியும். ஜாப்மேனேஜரே செத்துப்போனால்? இந்தக் கேள்விக்கான விடைதான் ஹை அவைலபிலிட்டி, சுருக்கமாக ஹெச்ஏ. முன்பு ஸூகீப்பர் என்ற தனி அமைப்பு அந்தப் பொறுப்பைச் சுமந்தது. 2020 டிசம்பரில் வந்த 1.12 பதிப்பிலிருந்து குபர்நெட்டிஸின் கான்ஃபிக்மேப்களையே அதற்குப் பயன்படுத்தலாம் என்றானது. யார் தலைவர் என்பதும், கடைசிச் செக்பாயிண்ட் எது என்பதும், எந்த வேலைகள் ஓட வேண்டும் என்பதும் அங்கே பதிவாகின்றன.

கான்ஃபிக்மேப் ஒன்றுக்கு 1 மெபிபைட்தான் வரம்பு. ஆகவே உண்மையான சரக்கு எதுவும் அதற்குள் இருக்காது. அதில் இருப்பது சுட்டி. அந்தச் சுட்டி, ஹெச்ஏ சேமிப்பு அடைவில் இருக்கும் ஒரு சிறு கோப்பைக் காட்டும். அந்தக் கோப்பு செக்பாயிண்ட் அடைவைக் காட்டும். நினைவு இருப்பது அங்கேதான்.

புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இதை நான் அடகுக் கடையை வைத்துத்தான் விளக்குவேன். நம் கையில் இருப்பது சீட்டு. கடைக்காரரிடம் பேரேடு. நகை பெட்டகத்தில். கான்ஃபிக்மேப் சீட்டு, ஹெச்ஏ அடைவுக் கோப்பு பேரேட்டுப் பக்கம், செக்பாயிண்ட் அடைவு நகை. இந்த மூன்றில் எது கெட்டாலும் லாக்கில் வருவது கிட்டத்தட்ட ஒரே பிழை, ஒரே அறிவுரை. சிக்கலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். நகையே போய்விட்டதற்கும் சீட்டின் எழுத்து மங்கியதற்கும் ஒரே மருந்தா?

எப்படியெல்லாம் கெடும்? நான் அதிகம் பார்த்தது நகை ஏலம் போவது. யாரோ ஒரு நல்லவர் செலவைக் குறைக்க எண்ணி, எஸ்3 பக்கெட்டில் 30 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்கும் விதியைப் போட்டிருப்பார். ஸ்டேட்டை ராக்ஸ்டிபியில் வைத்து, மாறியதை மட்டும் எழுதும் இன்கிரிமென்டல் செக்பாயிண்ட் எடுக்கும் வேலைகளில், இன்று காலை எடுத்த செக்பாயிண்ட் கூட இரண்டு மாதம் முன்பு எழுதிய கோப்பைப் பொது அடைவிலிருந்து பகிர்ந்துகொண்டிருக்கலாம். கோப்பின் வயதை மட்டும் பார்க்கும் விதிக்கு அது தெரியாது. வேலை ஓடும்வரை எந்த அறிகுறியும் இருக்காது. ஒருநாள் பாட் இடம் மாறும், கோப்பைத் தேடும், கோப்பு இருக்காது. பேரேட்டுக்கும் செக்பாயிண்ட்டுக்கும் ஒரே பக்கெட் என்றால் பேரேட்டில் பழைய ஜாப்கிராஃப் பக்கமும் சேர்ந்து போயிருக்கலாம்.

இரண்டாவது, எழுத்து புரியாமல் போவது. கான்ஃபிக்மேப்பில் இருக்கும் சுட்டி ஜாவாவின் சீரியலைசேஷன் முறையில் கட்டப்பட்டு, பேஸ்64 ஆக மாற்றப்பட்டு வைக்கப்படுகிறது. ஃபிளிங்கின் பதிப்பு மாறி, உள்ளே இருக்கும் கிளாஸ்கள் மாறினால், புதிய ஜாப்மேனேஜரால் பழைய சீட்டைப் படிக்க முடியாமல் போகலாம். நகை பத்திரமாகவே இருக்கும்.

ஒரே நேம்ஸ்பேஸில் இரண்டு கிளஸ்டர்களுக்கு ஒரே பெயர் கொடுத்துவிடுவதும் உண்டு. பழைய யாம்ல் கோப்பைப் பிரதியெடுத்து, பெயர் மாற்ற மறந்த கதை. கான்ஃபிக்மேப் பெயர்கள் கிளஸ்டர் பெயரிலிருந்தே உருவாவதால், ஒருவர் சீட்டில் இன்னொருவர் எழுதுவார். ஹெச்ஏ அடைவைப் பாடின் சொந்த வட்டில் வைத்து, பாட் வேறு முனைக்குப் போனதும் அதைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். இவை விரைவில் பிடிபடும், அதிகம் பேச வேண்டியதில்லை.

இனி, நீக்குவதன் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். அது சிறியதல்ல.

ஒரு செஷன் கிளஸ்டரில் 12 வேலைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு வேலையின் ஜாப்கிராஃப் கெட்டுவிட்டது. ஜாப்மேனேஜர் எழும்போது பன்னிரண்டையும் மீட்கப் பார்க்கும். கெட்ட ஒன்றில் தடுக்கி, தானே விழுந்துவிடும். நல்ல நிலையில் இருக்கும் பதினொன்றும் அந்த ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கும். அங்கே அந்த ஒரு பதிவை நீக்குவது தவிர வேறு வழி இல்லை. தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பதினொரு குழுக்களுக்கு நட்டம்.

நினைவே தேவைப்படாத வேலைகளும் உண்டு. ஒரு காஃப்கா டாபிக்கிலிருந்து எடுத்து, வடிகட்டி, இன்னொன்றில் போடும் வேலைக்கு, எதுவரை படித்தோம் என்ற ஆஃப்செட் மட்டுமே நினைவு. பெறும் பக்கம் ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் தாங்கும் என்றால், சீட்டைக் கிழித்துப் புதிதாகத் தொடங்குவதில் பழுதில்லை. சோதனைச் சூழலுக்கும் இதுவே.

மூன்றாவது நியாயம்தான் என்னை இந்தக் கட்டளையின் எதிரியாக ஆகவிடாமல் தடுப்பது. சரியான மீட்பு முறையிலேயே இந்த நீக்கம் ஒரு படி. வேலையைத் தொடங்கும்போது எந்தச் செக்பாயிண்ட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று நாம் பாதையைக் கொடுக்கலாம். ஆனால் ஹெச்ஏ பதிவில் ஏற்கெனவே ஒரு செக்பாயிண்ட் சுட்டி இருந்தால், ஃபிளிங்க் அதையே எடுத்துக்கொள்ளும், நாம் கொடுத்த பாதையைப் பார்க்காது. சாதாரண நாளில் இது சரியான நடத்தை. காலையில் கொடுத்த பழைய பாதைக்கு ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் திரும்பிக்கொண்டிருந்தால் வேலை முன்னேறவே முடியாது. ஆனால் பதிவு கெட்டுப்போன நாளில், அதை அகற்றாமல் நம் பாதை செல்லுபடியாகாது. ஆகவே நீக்காதே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அறிவுரையும் தவறு. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரவுப் பணி பார்க்காதவர்கள்.

இந்த நியாயங்களையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் குறையைப் பேச எனக்குத் தகுதி வருகிறது.

சீட்டைக் கிழித்ததும் ஃபிளிங்க் பிழை எதுவும் சொல்லாது. பதிவு இல்லை, ஆகவே இது புதிய வேலை என்று எடுத்துக்கொள்ளும். லாக்கில் சாதாரணத் தகவல் வரியாக, மீட்புக்கான செக்பாயிண்ட் எதுவும் காணப்படவில்லை என்று ஒரே ஒரு வரி வரும். எச்சரிக்கை நிறம் கிடையாது. கோடிக்கணக்கான நினைவுகள் கழன்று விழுந்த இடத்தில், முதல்முறை பிறந்த வேலைக்கு வரும் அதே வரிதான் வரும். மென்பொருளின் பார்வையில் இரண்டும் ஒன்றே.

அடுத்து ஆஃப்செட். எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று நிரலில் சொல்லாவிட்டால், ஃபிளிங்கின் காஃப்கா சோர்ஸ் டாபிக்கின் ஆதியிலிருந்து படிக்கும். காஃப்காவில் தரவு வைத்திருக்கும் காலம் இயல்பாக 7 நாள். ஆகவே ஒரு வாரத் தரவு மறுபடியும் பாயும். கூட்டுத்தொகைகள் இரட்டிக்கும், அனுப்பிய அறிவிப்புகள் மறுபடி போகும். இப்போது வருவதிலிருந்து தொடங்கு என்று நிரலில் எழுதியிருந்தால், விழுந்து கிடந்த நேரத்துத் தரவு போயிற்று. ஒருமுறை மட்டும் என்ற உறுதியோடு காஃப்காவில் எழுதும் வேலையாக இருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. கடைசிச் செக்பாயிண்ட்டோடு சேர்த்து உறுதி செய்யக் காத்திருந்த டிரான்ஸாக்ஷன்கள் அநாதையாகத் தொங்கக்கூடும். அவை காலாவதியாகும் வரை, உறுதியான தரவை மட்டும் படிக்கும் நுகர்வோர் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. காலாவதியானதும் அந்தத் தரவு கைவிடப்படும்.

செக்பாயிண்ட் எண்ணும் மறுபடி 1இலிருந்து தொடங்கும். வேலையின் அடையாள எண் மாறாமல் நிலைத்திருக்கும் அமைப்புகளில் பழைய அடைவிலேயே புதிய படங்கள் எழுதப்படும். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால், இருக்கிறதே என்று பிழை வரும். அதைக் கண்டு எரிச்சலுற்று, பழைய அடைவையே அழித்துவிடுபவர்கள் உண்டு. முதலில் சீட்டு, பிறகு நகை.

என் இரவு இப்படி வந்தது. பணப்பரிவர்த்தனை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். ஒவ்வோர் அட்டைக்கும் கடந்த 24 மணி நேர எண்ணிக்கையை வைத்திருந்து, அளவு மீறினால் மோசடிக் கண்காணிப்புக் குழுவுக்கு மணியடிக்கும் வேலை அது. அன்று மாலை ஃபிளிங்கின் பதிப்பை உயர்த்த இமேஜை மாற்றியிருந்தோம். நள்ளிரவு தாண்டி, 2.40க்குத் தொலைபேசி அலறியது. ஜாப்மேனேஜர் எழவில்லை. லாக்கில் அதே வரி. ஸ்டோரைச் சுத்தம் செய். செய்தேன். 4 நிமிடத்தில் பச்சை. குழுவின் அரட்டையில் ‘சரியாயிற்று’ என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மாலை கண்காணிப்புக் குழுவின் தலைவி என் மேசைக்கே வந்தார். குரலில் கோபம் இல்லை. “தம்பி, நேத்து ராத்திரியிலருந்து மணி ஒண்ணுகூட அடிக்கல. எங்களுக்கு நல்ல நாள்தானோன்னு நெனச்சோம். நல்ல நாள் இவ்ளோ நல்லா இருக்காதே?”

அத்தனை அட்டைகளின் எண்ணிக்கையும் நான் தூங்கப் போன நேரத்தில் சுழியமாகியிருந்தது. ஒவ்வோர் அட்டையும் புதிதாகப் பிறந்த அட்டை. முந்தைய பகலில் வரம்பின் விளிம்புவரை வந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் இன்னொரு முழு நாளுக்கான இடம் கிடைத்திருந்தது. வேலை ஓடியது, தாமதம் இல்லை, செக்பாயிண்ட்களும் ஒழுங்காக எடுக்கப்பட்டன. நாங்கள் பார்த்துப் பழகிய அளவீடுகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

பிறகு பக்கெட்டைத் திறந்து பார்த்தேன். வேலை விழுவதற்குச் சில நிமிடம் முன்பு எடுத்த செக்பாயிண்ட், முழுசாக, அதன் மெட்டாடேட்டா கோப்போடு அங்கேயே இருந்தது. பதிப்பு மாறியதால் சீட்டைத்தான் படிக்க முடியவில்லை. நகையில் ஒரு கீறல் இல்லை. பாதையைக் கொடுத்துத் தொடங்கியிருந்தால் புதிய பதிப்பு அதை எடுத்துக்கொண்டிருக்கும். பதினைந்து மணி நேரம் கழித்து அதிலிருந்து மீட்டு, இடைப்பட்ட தரவை மறுபடி ஓட்டி எண்ணிக்கைகளைச் சரிசெய்தோம். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் அடிக்காத மணிகளை யாராலும் அடிக்க முடியவில்லை.

அன்று நான் தொலைத்ததில் இன்னொன்றும் சேர்த்தி. ஏன் விழுந்தது என்பதற்கான சாட்சியம். கான்ஃபிக்மேப்பில் இருந்த சுட்டியைப் பார்த்திருந்தால் காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதை அழித்துவிட்டதால், பதிப்பு மாற்றம்தான் காரணம் என்று உறுதி செய்ய இரண்டு நாள் ஆயிற்று. நோயையும் நோயின் தடயத்தையும் ஒரே கட்டளையில் துடைப்பது இந்தப் பழக்கத்தின் மோசமான குணம். இதனாலேயே அதே கோளாறு அடுத்த மாதமும் வருகிறது, அதே கட்டளை அடுத்த மாதமும் ஓடுகிறது.

கிழிப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்கிறேன். படிப்பது கடினமும் இல்லை. ஜாப்மேனேஜரின் எண்ணிக்கையைச் சுழியமாக்கி அமைதிப்படுத்திவிட்டு, ஹெச்ஏ கான்ஃபிக்மேப்கள் எல்லாவற்றையும் யாம்லாக ஒரு கோப்பில் எடுத்து வைக்க வேண்டும். அதில் செக்பாயிண்ட் என்று தொடங்கி நீளமான எண்ணோடு முடியும் சாவி இருக்கும். எதிரே புரியாத எழுத்துக் குவியல் ஒன்று. ஆர், ஓ, சுழியம், ஏ, பி என்று தொடங்கும். ஜாவா சீரியலைசேஷனின் தலையெழுத்து பேஸ்64இல் அப்படித்தான் வரும். இந்த ஐந்து எழுத்தைப் பார்த்ததுமே இது பூட்டிய பெட்டி இல்லை, பிரித்துப் படிக்கக்கூடிய சீட்டு என்று தெரிந்துகொள்ளலாம். பேஸ்64ஐப் பிரித்து, அதிலிருந்து படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் வடித்தெடுக்கும் ஒரு சிறு கட்டளைக்குக் கொடுத்தால், கிளாஸ் பெயர்களின் நடுவே ஒரு பாதை தெரியும். அது பேரேட்டுப் பக்கத்தின் முகவரி. அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் கதை வெளிவந்துவிடும்.

அடுத்து நேராகப் பெட்டகம். செக்பாயிண்ட் அடைவில் எண்ணிட்ட உள்ளடைவுகள் இருக்கும். எதில் மெட்டாடேட்டா கோப்பு இருக்கிறதோ அதுதான் முடிந்த செக்பாயிண்ட். அது இல்லாதது பாதியில் நின்ற படம், தொடக்கூடாது. பெரிய எண்ணுள்ள முழுமையான அடைவின் பாதையைக் குறித்துக்கொண்டு, பிறகு கான்ஃபிக்மேப்பை நீக்கி, அந்தப் பாதையோடு வேலையைத் தொடங்கினால், அன்று நான் செய்த அதே நீக்கம் ஒரு நேர்மையான மருத்துவமாகிவிடுகிறது. 1.15 பதிப்பிலிருந்து, பழைய செக்பாயிண்ட்டுக்கு உரிமை கோராமல் மீட்கும் முறையே இயல்பாக வருகிறது. அதை மாற்றக்கூடாது. மீட்பு சொதப்பினாலும் நகை பெட்டகத்திலேயே இருக்கும்.

பொறியாளரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அநியாயம். ஃபிளிங்கின் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. சொந்தச் சுட்டிகளை மனிதர் படிக்கும் வடிவில் அது எழுதி வைத்திருந்தால், இந்தப் பழக்கத்தில் பாதி பிறந்தே இருக்காது. முடிந்த செக்பாயிண்ட்களில் இயல்பாக ஒன்றை மட்டுமே வைத்திருப்பதும், வேலையை ரத்து செய்தால் செக்பாயிண்ட்டையும் அழித்துவிடுவதும் சேமிப்புச் செலவுக்கு நல்லது. ஆனால் மனிதர் தவறினால் மீள இடமே விடாத சிக்கனம் அது. முக்கியமான வேலைகளில் இந்த இரண்டு அமைப்பையும் முதல் நாளே மாற்றிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறுதொடக்க முயற்சிகள் தீர்ந்து வேலை நிரந்தரத் தோல்வி நிலைக்குப் போனால், ஃபிளிங்க் தானே ஹெச்ஏ பதிவைத் துடைத்துவிடுகிறது. வேலை முடிந்துவிட்டது, இனி மீட்க எதுவும் இல்லை என்பது அதன் தர்க்கம். காகிதத்தில் குறையில்லாத தர்க்கம். ஆனால் கெட்ட தரவு ஒன்றால் பத்து முறை விழுந்த வேலையை எந்த மனிதரும் முடிந்த வேலை என்று சொல்லமாட்டார்.

2022இல் முதல் நிலையான பதிப்பு வந்த ஃபிளிங்க் குபர்நெட்டிஸ் ஆப்பரேட்டர் இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்கிறது. கடைசி நிலையிலிருந்து தொடர வேண்டும் என்று கேட்டிருக்கும் வேலைக்கு ஹெச்ஏ பதிவு காணாமல் போனால், அது முன்னேற மறுத்து நின்றுவிடுகிறது. கைமுறை மீட்பு தேவை என்கிறது. ஃபிளிங்கின் பதிப்பு மாறும்போது ஹெச்ஏ பதிவை நம்பாமல், கேட்டு எடுக்கும் படமான சேவ்பாயிண்ட்டை எடுக்கப் பார்க்கிறது. என் இரவில் இது இருந்திருந்தால் நான் தடுக்கப்பட்டிருப்பேன். இந்தப் பிடிவாதத்தைக் குறையாகப் பேசுவோர் பலர். கிளஸ்டர் எழவே மாட்டேன் என்கிறது, ஆப்பரேட்டர் உதவவில்லை என்பார்கள். என்னைக் கேட்டால், தானியங்கி ஒன்று தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்பதுதான் உதவி. அந்தப் பிடிவாதத்தைத் தாண்டுவதற்காக மேம்படுத்தும் முறையை ஸ்டேட்லெஸ் என்று மாற்றி வேலையை எழுப்பும் குறுக்குவழி இப்போது பரவி வருவதுதான் கவலை. பழைய கட்டளையே புது வேட்டி கட்டி வருகிறது. பாதையைக் குறிப்பிட்டு மறுபடி நிறுவச் செய்யும் வசதி அதே ஆப்பரேட்டரில் இருக்கிறது. இரண்டு வரி யாம்ல். ஆனால் அந்தப் பாதை எது என்று தேடிப் போக வேண்டும், அதற்குத்தான் இரவில் யாருக்கும் மனம் வருவதில்லை.

நகையே ஏலம் போன நாளில் இந்த வாதமெல்லாம் எடுபடாது என்பதையும் சொல்ல வேண்டும். செக்பாயிண்ட் கோப்புகள் உண்மையிலேயே அழிந்திருந்தால், எத்தனை பொறுமையாகப் படித்தாலும் மீட்க எதுவும் இல்லை. அப்போது நீக்கித் தொடங்குவதே வழி. ஆனால் அங்கேயும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தெரிந்து தொடங்குபவர் அப்போதே கண்காணிப்புக் குழுவை எழுப்பி, இன்று இரவு 24 மணி நேர எண்ணிக்கைகளை நம்பாதீர்கள் என்று சொல்லிவிடுவார். அவர்கள் வேறு காவல் போட்டுக்கொள்வார்கள். தெரியாமல் தொடங்கியவர் ‘சரியாயிற்று’ என்று எழுதிவிட்டுத் தூங்குவார்.

இப்போதைய எங்கள் குழுவில், எழுந்த வேலையைச் சரியானது என்று சொல்வதற்கு முன் திரையில் செக்பாயிண்ட் பக்கத்துக்குப் போய், கடைசி மீட்பு என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதில் பாதை இருந்தால்தான் மீட்பு. வெறுமையாக இருந்தால் பச்சை நிறத்துக்குப் பொருளில்லை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அதே பிழை, அதே கடைசி வரியோடு, மறுபடி வந்தது. பணியில் இருந்தவள் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். என்னை எழுப்பவில்லை. கான்ஃபிக்மேப்பை எடுத்து வைத்து, சுட்டியைப் பிரித்து, பக்கெட்டில் மூன்று அடைவுகளைத் திறந்து பார்த்து, கடைசி அடைவில் மெட்டாடேட்டா இல்லாததால் அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பியிருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அழைத்தாள்.

“அண்ணா, கடைசி மீட்புல பாதை வந்துடுச்சு. ஒரு செக்பாயிண்ட் பின்னாடி போயிருக்கோம், அதையும் அந்த வேலையோட குழுவுக்கு எழுதிட்டேன். ஆனா நாப்பது நிமிஷம் ஆயிடுச்சுண்ணா.”